விறகு விலையில் வைரக் கட்டை

பேனா கடையும் ஆசை வந்த புதிதில் இணையத்தில் ஒரு மரத்துண்டு வாங்கினேன். முக்கால் அங்குலச் சதுரம், ஐந்து அங்குல நீளம். அந்த விலைக்கு ஒரு வேளை வீட்டுக்கே பிரியாணி வாங்கியிருக்கலாம். பொட்டலத்தின் மேல் ‘ஸ்பால்ட்டட் டேமரிண்ட்’ என்று பெயர் அச்சடித்திருந்தது. பிரித்து மேசையில் வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “புளியங்கட்டைய எதுக்குடா தபால்ல வரவழைக்கிற?” என்றார்.

எங்கள் வீடு தருமபுரியில். வாசலில் இறங்கினால் புளியமரம். பென்னாகரம் பக்கம் போனாலும், அரூர் பக்கம் போனாலும், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனாலும் சாலை ஓரத்தில் அதே மரம். அன்றைக்குப் பிறகு மரத்துக்காகத் தபால்காரரை நான் எதிர்பார்ப்பதில்லை. சின்னப் பெட்டி, பேனா, கத்திப் பிடி, சப்பாத்திக் கட்டை, அஞ்சறைப் பெட்டி என்று வீட்டில் கைவேலை செய்கிறவர்களுக்காக, நான் அலைந்து தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். கட்டில், பீரோ செய்கிறவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

1. மரவாடிக்குப் போகும் முன் விறகுக் கடைக்குப் போங்கள். மரவாடியில் கன அடி கணக்கு, விறகுக் கடையில் கிலோ கணக்கு. காய்ந்த புளியங்கட்டை ஒரு கன அடி சுமார் 25 முதல் 28 கிலோ வரும். கிலோ 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் கன அடி 225 ரூபாய்க்குள் அடங்கிவிடும். நான் தபாலில் வாங்கிய அளவில் ஒரு கன அடியிலிருந்து கணக்குப்படி 600 துண்டுகள் வரவேண்டும். பாதி ரம்பத்தூளாகப் போனாலும் 300 பேனா. என் பேரன் காலம்வரை எழுதலாம்.

கடைக்காரர் முதலில் சிரிப்பார்.

“எத்தன கிலோ போடட்டுங்க?”

“கொஞ்சம் பொறுக்கி எடுத்துக்கறேங்க. அடுப்புக்கு இல்ல, டப்பா செய்ய.”

“புளியங்கட்டையிலயா? உளி முறிஞ்சிடுங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. கறிக்கடைக்காரர் கொத்தும் அடிக்கட்டை பெரும்பாலும் புளிதான். தினமும் வெட்டு வாங்கியும் வருடக்கணக்கில் நிற்கும். அப்படிப்பட்ட மரத்தில் செய்த காய் நறுக்கும் பலகை நம் ஆயுசுக்கும் வரும். உளியைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள்.

பொறுக்கி எடுக்கச் சம்மதித்தால் ஐம்பது ரூபாய் சேர்த்தே கொடுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்முன்பே நல்ல கட்டையை ஒதுக்கி வைத்திருப்பார்.

2. புளியங்கட்டையில் மூன்று ரகம் பார்த்து எடுக்கலாம். வெளிப்பக்கம் வெளிர் மஞ்சள். பலகை, அகப்பைக்கு அதுவே போதும். வயதான மரத்தின் நடுவில் கருஞ்சிவப்பாக, கத்திரிப்பூ நிறம் கலந்து வைரம் இருக்கும். வைரம் எல்லா மரத்திலும் இருக்காது, இருந்தாலும் கை அகலத்துக்கு மேல் கிடைப்பது அபூர்வம். பேனாவுக்கும் கத்திப் பிடிக்கும் அது போதும். மூன்றாவது ரகம்தான் எனக்குத் தபாலில் வந்தது. வெட்டிப்போட்ட கட்டை மழையில் நனைந்து சில மாதம் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொரு பூஞ்சைக் கூட்டமும் தன் எல்லையைக் கறுப்புக் கோடாகப் போட்டுக்கொள்ளும். அறுத்துப் பார்த்தால் மையால் வரைந்த தேசப்படம் மாதிரி இருக்கும். விறகுக் கடைக்காரர் ‘நமுத்துப்போன கட்டை’ என்று மூலையில் தள்ளியிருப்பார். நகத்தை அழுத்திப் பாருங்கள். பதிந்தால் விட்டுவிடுங்கள், அது மக்கிவிட்டது. பதியவில்லை என்றால் அள்ளிக்கொண்டு வாருங்கள். இந்தக் கட்டையைச் சீவும்போது முகக்கவசம் கட்டாயம். பூஞ்சைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

3. மரவாடியில் விலை கேட்கும்முன் இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பலகைக்கு: அகலம் அங்குலம், கனம் அங்குலம், நீளம் அடி மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. இரண்டு அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம், மூன்றடி நீளமுள்ள ரீப்பர் கன அடியில் 24-இல் ஒரு பங்குதான். கன அடி 2,400 ரூபாய் மரமென்றால் அந்த ரீப்பர் 100 ரூபாய். ‘தேக்கெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது’ என்று திரும்பி வருகிறவர்கள் கட்டில் கணக்கில் பயப்படுகிறவர்கள். அஞ்சறைப் பெட்டிக்கு என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்.

உருட்டுக் கட்டைக்குக் கால் சுற்றளவுக் கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்க வேண்டும். நான்கடி சுற்றளவு, மூன்றடி நீளம் என்றால் மூன்று கன அடி. உண்மையில் அந்தக் கட்டையில் 3.8 கன அடி இருக்கும். பட்டைக்கும் அறுப்புச் சேதத்துக்குமான தள்ளுபடி அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. கணக்குத் தெரிந்தவர் என்று புரிந்துவிட்டால் பேச்சு மரியாதையாக நடக்கும்.

4. ஏரிக்குள் நிற்கும் சீமைக் கருவேலத்தைத் திட்டுவதோடு நிறுத்தாதீர்கள். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, மேய்ச்சல் நிலத்தை விழுங்குகிறது என்று அதை வேரோடு அகற்ற நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது. அகற்றட்டும். ஆனால் தொடை கனத்துக்கு முற்றிய அடிமரம் கிடைத்தால் ஒரு துண்டு அறுத்துப் பாருங்கள், உள்ளே நல்ல செம்பழுப்பு. அதன் ஒன்றுவிட்ட பங்காளியான மெஸ்கீட் மரத்தை அமெரிக்காவின் டெக்சஸ் மாகாணத்தில் மேசைக்கும் தரைக்கும் இழைத்துப் போடுகிறார்கள். இந்தச் சாதி மரம் காயும்போது அதிகம் சுருங்காது, கோணாது. அவசரக்காரர்களுக்கு இதைவிடத் தோதான கட்டை இல்லை. குறை என்னவென்றால் நேர்க்கட்டை ஓரடிக்கு மேல் கிடைக்காது, வெடிப்பும் முடிச்சும் நிறைய. முள் குத்தினால் இரண்டு நாள் வலி. ஏரி மரம் ஊராட்சிக்கோ நீர்வளத் துறைக்கோ சொந்தம். ஏலம் எடுத்தவரிடம் கேட்டு வாங்குங்கள், அரிவாளோடு நீங்களே இறங்கவேண்டாம்.

5. பட்டுப்பூச்சி வளர்க்கும் உறவுக்காரர் இருந்தால் பழைய மல்பெரிக் கட்டைக்குச் சொல்லி வையுங்கள். தருமபுரியில் பட்டுக்கூட்டுக்கென்றே அரசு அங்காடி இருக்கிறது. மாவட்டம் முழுக்க மல்பெரித் தோட்டம். பதினைந்து வருடம் போல ஆனதும் தழை குறைந்துவிட்டதென்று வேரோடு பிடுங்கி வரப்பில் குவிப்பார்கள். மேலே சுள்ளியாகத் தெரியும், அடித்தூர் மட்டும் கைமுட்டி கனத்துக்கு முண்டும் முடிச்சுமாக இருக்கும். அறுத்தால் உள்ளே மஞ்சள்பூசினது போன்ற பொன்னிறம். வெளிச்சம் பட்டுப்பட்டு வருடத்தில் தேன் நிறத்துக்கு வரும். வடக்கே மல்பெரி என்கிற இந்த முசுக்கொட்டை மரத்தில் ஹாக்கி மட்டை செய்தார்கள், அவ்வளவு உறுதி. இழுப்பறைக் குமிழ், பம்பரம், சாவிக்கொத்துக் கட்டை ஆகியவற்றுக்கு இந்தத் தூர் எனக்குத் தேக்கைவிடப் பிடிக்கும். விலை? எனக்கு ஒரு மூட்டை தூர் கிடைத்தது, கூலி மட்டும் கொடுத்தேன். மண் ஒட்டியிருக்கும், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவாமல் ரம்பம் வைத்தால் பல் மழுங்கிவிடும்.

6. ஓட்டு வீடு இடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே போய் நில்லுங்கள். உத்திரமும் நிலைக்கதவும் பழைய சாமான் கடைக்காரருக்குப் போகும், அவரோடு போட்டி போட முடியாது. நமக்கு வேண்டியது அவர் வேண்டாம் என்று தள்ளுவது. முக்கியமாகப் பனங்கைமரம். ஓட்டுக்கு அடியில் அறுபது, எழுபது வருடம் புகை குடித்து நின்ற பனஞ்சட்டம், வெளிப்பக்கம் கறுப்பு ஊசிகளை நெருக்கிக் கட்டியது போல இருக்கும். வெளிநாட்டில் ‘கறுப்புப் பனை’ என்று கைத்தடிக்கும் கத்திப் பிடிக்கும் தேடி வாங்குகிறார்கள். இங்கே கொத்தனார் சாரத்துக்குப் போட்டு முறிக்கிறார். பனை நார் விரலில் ஏறினால் ஊசி மாதிரி முறிந்து உள்ளே நிற்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கச் சோற்றை விட்டுவிட்டு வெளிவிளிம்பு ஓர் அங்குலத்தை மட்டும் எடுங்கள். உயிரோடு நிற்கும் பனையை இதற்காக வெட்ட நினைக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

இடிசலில் இன்னும் இரண்டு கிடைக்கலாம். ஒன்று ஆச்சா. ஒகேனக்கல் காட்டுப் பக்கத்து மரம், காய்ந்தும் தண்ணீரில் மூழ்கும். பழைய தூண், கொட்டகைக் கால்களில் பார்க்கலாம். இரண்டாவது பொரசு. பூப்பூக்கும் புரசோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இலங்கைத் தமிழர் முதிரை என்பது இதைத்தான். இழைத்ததும் பட்டுத்துணி மாதிரி மஞ்சளாக மினுங்கும். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இங்கிலாந்துச் சீமான் வீடுகளுக்கு ‘சாட்டின் மரம்’ என்று கப்பலேறிப் போனது இந்த மரம். நம் பக்கத்தில் ஏர்க்காலாக உழுதுகொண்டிருந்தது. இரண்டையும் பழைய சாமானில் மட்டுமே தேடுங்கள், காட்டில் அல்ல.

7. பழைய மரம் எதுவானாலும் ரம்பம் வைக்கும்முன் காந்தம் ஓட்டிப் பாருங்கள். பழுதான ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது போதும். உள்ளே முறிந்து நிற்கும் ஒரே ஓர் ஆணி அறுவை மில்லின் பட்டை ரம்பத்தைக் கெடுக்கும். அப்புறம் அந்த மில்லுக்காரர் உங்கள் கட்டையைத் தொடமாட்டார்.

8. நிலை, கதவு செய்யும் பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் போய்க் கேளுங்கள். வாரக் கூலி நாள், பட்டறை கூட்டும் நேரம். நிலைக்கால் வெட்டியதில் மிஞ்சிய அரையடி, ஓரடித் துண்டுகள் மூலையில் குவிந்திருக்கும். தேக்கு, வேங்கை, படாக், சில சமயம் ஆசாரிகளே பெயர் தெரியாமல் ‘பாரின் மரம்’ என்று சொல்லும் சிவப்புக் கட்டை. தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மலேசியாவிலிருந்து வருபவை. சாதாரணமாக டீக்கடை அடுப்புக்கோ வெந்நீர் அடுப்புக்கோ போகிற சரக்கு. ஆசாரியிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அடுத்த தடவை செய்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் ஒரு சின்னக் குங்குமச் சிமிழைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “மூடி கொஞ்சம் லூசு” என்றார். அப்புறம் கேட்காமலேயே ஒரு படாக் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

9. பெயரைக் கேட்டு மயங்காதீர்கள், பெயரைக் கேட்டு ஒதுக்கவும் செய்யாதீர்கள். கானா தேக்கு, ஈகுவடார் தேக்கு என்பவை தேக்கு இனமேதான், தோட்டத்தில் சீக்கிரம் வளர்ந்து இளசில் வெட்டியவை. கோடுகள் அகலமாக இருக்கும், எண்ணெய்ப் பசை குறைவு. பெட்டிக்குத் தாராளமாக ஆகும். இன்னொரு பக்கம், நம் ஊரில் மாட்டுக் கொட்டகைக்கும் செக்குக்கும் போகும் வாகை, அந்தமானிலிருந்து ‘கொக்கோ’ என்ற பெயரில் சீமைக்குப் போன மரம். ‘கிழக்கிந்திய வால்நட்’ என்றும் அதற்குப் பெயர் வைத்தார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டிச் சிற்பிகள் சாமி சிலை செதுக்குவதும் வாகை மரங்களில்தான். மாங்கட்டை என்றால் நாம் பெட்டி அடிக்கிற மரம் என்போம். காரிமங்கலம், பாலக்கோடு பக்கம் காய்ப்பு ஓய்ந்த மாமரங்களை வெட்டுகிறார்கள், விறகு விலைதான். அதே மாங்கட்டையை இழைத்து மெழுகு போட்டு ராஜஸ்தானின் ஜோத்பூரிலிருந்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள்.

10. கருங்காலியா, சாயம் போட்டதா? கருங்காலி மாலை மோகம் வந்ததிலிருந்து கறுப்பாக எதைப் பார்த்தாலும் கருங்காலி என்கிறார்கள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் இரண்டு மரங்களுக்குக் கருங்காலிப் பெயர் உண்டு. கன்னங்கரேல் என்று இருப்பது எபனி. இன்னொன்று வெற்றிலைக்குக் காசுக்கட்டி எடுக்கும் முள்மரம், அதன் வைரம் கருஞ்சிவப்பு, கறுப்பே இல்லை. இந்த இரண்டும் இல்லாமல் மூன்றாவது ஒன்று சந்தையில் சக்கைப்போடு போடுகிறது. அது கறுப்புச் சாயம்.

நானும் ஏமாந்தேன். ஒரு கண்காட்சியில் ஓரடிக் கட்டை வாங்கி, வீட்டுக்கு வந்து குறுக்கே அறுத்தேன். வெளியே கால் அங்குலம் கறுப்பு, உள்ளே மரவள்ளிக் கிழங்கு நிறம். அறுத்தபிறகு திருப்பிக் கொடுக்க முடியுமா? அதனால், வாங்கும் இடத்திலேயே பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், கை கழுவும் சானிடைசரும் ஆகும். பஞ்சில் மை இறங்கினால் கிளம்பிவிடுங்கள். குறுக்குவெட்டு முகத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டச் சம்மதிக்காத கடையிலும் வாங்கவேண்டாம். ‘தண்ணீரில் மூழ்கினால் கருங்காலி’ என்ற சோதனையை நம்பாதீர்கள். ஆச்சா மூழ்கும், செம்மரம் மூழ்கும், ஈரம் வற்றாத எந்தக் கட்டையும் மூழ்கும்.

11. வேங்கைக்கு ஓர் அழகான சோதனை உண்டு. நாலு சீவலைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஊறப்போடுங்கள். கால் மணியில் தண்ணீர் மஞ்சளாகும். வெயிலில் கறுப்புத் துணிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தால் ஓரங்களில் நீலம் மிதக்கும். தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததாக இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். இதற்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரைவிட நம் போர்த் தண்ணீர் தேவலை, அதற்காவது உதவட்டும். சர்க்கரைக்காரர்களுக்கென்று வேங்கைக் குவளை விற்கிறார்களே, அதே மரம்தான். ஈரம் பட்டால் மஞ்சள் கசியும், ஆகையால் துணி வைக்கும் பெட்டிக்கும் வெள்ளைச் சுவரில் மாட்டும் சாமானுக்கும் வேங்கை வேண்டாம்.

12. சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றும் மலிவாகக் கிடைக்கின்றன என்று யாராவது சொன்னால் காது கேளாதவர் போல நடந்துவிடுங்கள். பட்டா நிலத்தில் தானே முளைத்த சந்தன மரத்தில் நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு, ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். ஈட்டிக்கென்று 1994-ல் தனிச் சட்டமே போட்ட மாநிலம் இது. 2017 முதல் ஈட்டிச் சாதி மரங்கள் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கின்றன. 

இந்த மாவட்டத்துக்காரருக்குச் சந்தனக் கட்டை என்றால் வாசனை மட்டும் நினைவுக்கு வருவதில்லை. 1992 ஜூன் 20-ஆம் தேதி, கடத்தல் சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று அரூர் பக்கத்து வாச்சாத்திக்குள் வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் புகுந்தன. அந்தப் பழங்குடி ஊருக்கு நடந்த கொடுமைக்கு 2011-ல்தான் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கைவேலைக்குச் சந்தன வாசனை வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் வேறு மரம் சொல்லிவிடுகிறேன்.

சொந்தத் தோட்டத்துத் தேக்கோ, அண்ணன் காட்டு வேங்கையோ, வண்டி ஏற்றும்முன் வனச்சரக அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்று விளக்குவதைவிட அது சுலபம்.

13. உலர்த்துவதில்தான் பாதிப் பேர் தோற்கிறோம். என் முதல் புளியம்பெட்டி மூடியை வெள்ளிக்கிழமை கச்சிதமாகப் பொருத்தினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது அப்பளம் மாதிரி வளைந்து, பெட்டிமேல் ஆடிக்கொண்டிருந்தது. மரம் விறகாகக் காய்ந்திருந்தது, பெட்டிக்குக் காயவில்லை.

கட்டை வந்த அன்றே இரண்டு வெட்டு முகத்திலும் மீந்துபோன பெயின்டோ, உருக்கிய மெழுகுவத்தியோ, ஃபெவிகாலோ தடவி அடைத்துவிடுங்கள். ஈரம் வெட்டு முகத்தின் வழியாகத்தான் வேகமாக ஓடும், அங்கேதான் முதல் வெடிப்பு விழும். பிறகு வேண்டிய அளவைவிடக் கால் அங்குலம் கூட்டிப் பலகையாகவோ சதுரமாகவோ அறுத்துக்கொள்ளுங்கள். உருட்டாகவே வைத்தால் நடுவில் பிளக்கும். பலகைகளுக்கு இடையில் ஒரே கனத்தில் ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்கி, மேலே ஒரு பழைய ஆட்டுக்கல்லைப் பாரம் வையுங்கள். எங்கள் வீட்டில் ஆட்டுக்கல்லுக்கு வேறு வேலை இல்லை. காற்று ஓடும் நிழல் வேண்டும். தருமபுரிச் சித்திரை வெயிலில் நேராகப் போட்டால் ஒரே வாரத்தில் வாய் பிளந்துவிடும்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். நம் ஊர்க் காற்றில் அவ்வளவு வேண்டாம், ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. சமையலறைத் தராசை எடுங்கள். ஒவ்வொரு துண்டின் எடையையும் தேதியையும் அதன்மேலேயே பென்சிலால் எழுதுங்கள். என்னிடம் இருக்கும் ஒரு வாகைத் துண்டில் 1,240, 1,175, 1,130, 1,105 என்று கிராம்கள் இறங்கிக்கொண்டே வந்து, 1,090-இல் நின்றுவிட்டது. இரண்டு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை ஒரே எடை காட்டினால் வேலையை ஆரம்பிக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எடை மறுபடி ஏறும். பயப்படாதீர்கள், அந்த மாதத்தில் மூடி மட்டும் பொருத்தாதீர்கள்.

14. உளு விழும் மரத்தை மற்றதோடு சேர்த்து அடுக்காதீர்கள். மா, வாகையின் வெள்ளைப் பகுதி, மலைவேம்பு இவற்றுக்கு உளு சீக்கிரம் வரும். கட்டைக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். காலையில் மாவு போலத் தூள் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. போராக்ஸும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்துப் பூசிக் காயவிடலாம். சமையல் சாமானுக்கு இந்த வைத்தியம் வேண்டாம், வெள்ளைப் பகுதியை இழைத்து எறிந்துவிடுங்கள்.

15. எல்லாக் கட்டையும் வாய்க்கு ஆகாது. அரளிக் கட்டை, எட்டிக் கட்டை இரண்டும் விஷம். அழகான வெள்ளையாக இருக்கிறதே என்று கரண்டி செய்துவிடாதீர்கள். சேராங்கொட்டை மரப்பால் பட்டால் தோல் கொப்பளித்துப் போகும், அதை அறுக்கவே வேண்டாம். பெயர் தெரியாத ‘பாரின்’ மரத்தில் பேனா கடையலாம், அகப்பை கடையக்கூடாது. சமையலறைக்குப் புளி, மா, பலா, வேம்பு, கருவேலம், கொய்யா என்று நமக்குப் பழகிய மரங்களே போதும்.

தூள் விஷயத்தில் விளையாடாதீர்கள். மரத்தூளைப் புற்றுநோய் தருபவற்றின் முதல் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கொரோனா காலத்து என்-95 கவசம் வீட்டில் மீதி இருக்கும், மாட்டிக்கொள்ளுங்கள்.

16. ஓசூர்த் தொழிற்சாலைகளிலிருந்து பழைய மரத்தட்டு வாங்கினால் முத்திரையைப் பாருங்கள். வெளிநாட்டு இயந்திரங்களுக்கு அடியில் வந்தவை. பெரும்பாலும் பைன், அபூர்வமாக நல்ல வன்மரமும் மாட்டும். ‘எச்.டி’ (HT) என்ற எழுத்து இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி’ (MB) என்றால் நச்சுப் புகை போட்டது, வேண்டாம்.

17. கடைசல் எந்திரம் வாங்குவதற்குமுன் கடைசல் பட்டறை தேடுங்கள். கட்டில் கால், தொட்டில் கம்பு கடையும் பட்டறைகள் சிறிய ஊர்களிலும் இன்னும் ஓடுகின்றன. கட்டையை நீங்கள் கொடுத்து, படம் வரைந்து காட்டினால் கூலிக்குக் கடைந்து தருவார்கள். பம்பரம், மத்து, பூரிக் கட்டை என்று அவர்கள் கைக்குப் பழகியதில் ஆரம்பியுங்கள். வழவழப்பான வெள்ளைக் கட்டை வேண்டுமென்றால் வெட்பாலை. பெங்களூரு தாண்டிச் சென்னபட்டணத்தில் அரக்குச் சாயம் ஏற்றிப் பொம்மை கடைவது அந்த மரத்தில்தான், நம் வறண்ட குன்றுகளிலும் வளர்கிறது. வேலிக்கால் ஒதுக்கும்போது பட்டா நிலத்துக்காரரிடம் கேட்டால் கிடைக்கும்.

18. கடைசியில் பூசும் எண்ணெய். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்கு மினுங்கும், மாதம் கழித்துச் சிக்கு வாடை அடிக்கும். ஆளிவிதை எண்ணெய்தான் மரத்துக்குள் போய் உறையும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பச்சை எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் கடையில் ‘பாயில்டு’ என்று விற்பதில் உலர்த்தும் மருந்து கலந்திருக்கும், சமையல் சாமானுக்கு ஆகாது. நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணம் வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். மெல்லியதாகப் பூசி, அரை மணியில் துடைத்து, ஒரு நாள் விட்டு மறுபடி. மூன்று தடவையில் புளிய வைரம் கருந்திராட்சை நிறத்துக்கு வந்துவிடும்.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உறையும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வைத்துக் குப்பைக்கு அனுப்புங்கள். அம்மா அதைக் கரித்துணி என்று நினைத்து அடுப்பங்கரையில் கொண்டுபோய் வைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.